பழைய டிஎல்எஸ் இணைப்பிலிருந்து பார்ட்டிகளை மாற்றுவது எப்படி: கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மதுரையில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தில், அதாவது ஏற்றுமதியாளர்களுக்காகச் சுங்கத்துறைக் காகிதங்களைப் பார்க்கும் இடத்தில், கணக்கு எழுதச் சேர்ந்தவள் நான். கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்று வாய்தவறிச் சொன்னதால், மூலையில் இருந்த சர்வரும் என் பொறுப்புக்கு வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த சர்வர் ஜாவா அப்டேட் கேட்டது. கூட வேலை பார்க்கும் தம்பி நல்ல பிள்ளையாக 'யெஸ்' அழுத்திவிட்டான். அரை மணி நேரத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. கப்பலூர் பார்ட்டி (எங்கள் ஏற்றுமதி வாடிக்கையாளர்) ஒருவருக்கு இன்வாய்ஸ் எங்கள் சர்வருக்குப் போகவில்லை. அப்புறம் இன்னொருவருக்கு. சாயங்காலத்துக்குள் ஒன்பது பேர். மறுநாள் காலை தூத்துக்குடியில் கட்-ஆஃப், அதாவது கப்பலுக்குச் சரக்கை ஒப்படைக்கும் கடைசி நேரம். அந்த ஒன்பது பேரின் இன்வாய்ஸையும் வாட்ஸ்அப் படத்தைப் பார்த்துப் பார்த்து இரவு பதினொரு மணி வரை கையால் அடித்தோம்.

காரணம் சின்னது. 2021 ஏப்ரலில் வந்த ஜாவா 8-இன் 291-ஆம் அப்டேட்டிலிருந்து டிஎல்எஸ் (இணைப்பில் போகும் தகவலை வழியில் யாரும் படிக்காமல் பூட்டும் முறை) பழைய பதிப்புகளான 1.0, 1.1 இரண்டும் தானாகவே அணைக்கப்பட்டிருக்கும். எங்கள் சர்வர் வருடக்கணக்காக அப்டேட் பார்க்காததால் அந்தப் பழைய கதவு அதுவரை திறந்தே கிடந்திருக்கிறது. ஒன்பது பேரும் அதன் வழியாகத்தான் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அது அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அன்று கதவை மறுபடி திறந்துவிட்டோம். ஆனால் மூன்று மாதம் என்று கெடு வைத்துக்கொண்டோம். 37 பார்ட்டிகளும் புதியதுக்கு வந்து முடிந்தபோது கையில் இருந்த குறிப்புகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

உங்கள் அலுவலகத்தில் இரண்டு இணைப்புகள் இருக்கும். ஒன்று, ஏற்றுமதி பார்ட்டியின் பில்லிங் சாப்ட்வேரிலிருந்து உங்கள் சர்வருக்கு வருவது. இன்னொன்று, உங்கள் சாப்ட்வேரிலிருந்து கஸ்டம்ஸ் பக்கம், அதாவது சுங்கத்துறையின் இணையதளமான ஐஸ்கேட்டுக்கோ ஷிப்பிங் லைன் தளங்களுக்கோ போவது. இரண்டாவதில் சிக்கல் வந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும், எல்லா வேலையும் நிற்கும். முதலாவதுதான் சத்தமில்லாமல் கிடப்பது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

எது பழையது? எஸ்எஸ்எல் (டிஎல்எஸ்ஸுக்கு முன்னால் இருந்தது) என்று பெயர் உள்ள எல்லாப் பதிப்புமே. அதற்குமேல் டிஎல்எஸ் 1.0, 1.1. இணையத் தரநிலை அமைப்பு இந்த இரண்டையும் 2021 மார்ச்சில் முறைப்படி ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. 1.2 இருந்தால் போதும், 1.3 இருந்தால் நல்லது.

அடுத்து, எல்லாப் பார்ட்டியும் கேட்கும் கேள்வி: "ஏம்மா, டிஎஸ்சி டோக்கன்தான் போட்டிருக்கோம்ல? அப்புறம் என்ன பாதுகாப்பு இல்லைங்கிற?" டிஎஸ்சி என்பது டிஜிட்டல் கையெழுத்து, அது இருக்கும் யுஎஸ்பிதான் டோக்கன். ஃபைலில் இருப்பதை யார் ஒப்புக்கொண்டார் என்று சொல்லும். டிஎல்எஸ் என்பது அந்த ஃபைல் போகிற குழாய். கையெழுத்துப் போட்ட கடிதத்தை உறையில் போடாமல் அனுப்பினால் வழியில் யாரும் படிக்கலாம் அல்லவா, அதுபோல. இந்த வேலைக்காகப் புது டிஎஸ்சி வாங்க வேண்டியதே இல்லை. எங்கள் பார்ட்டி ஒருவரிடம் யாரோ அப்படிச் சொல்லி இரண்டாயிரம் ரூபாய்க்குப் புது டிஎஸ்சி தலையில் கட்டிவிட்டார்கள்.

2. யாரையும் கேட்காதீர்கள், லாக்கைப் பாருங்கள்

நான் செய்த முதல் தவறு, 37 பேருக்கும் போன் போட்டு "உங்க சாப்ட்வேர் எந்த டிஎல்எஸ்ல போகுது?" என்று கேட்டது. பாதிப் பேர் "லேட்டஸ்ட்தான்" என்றார்கள். ஒருவர் "ஏர்டெல்" என்றார்.

சர்வரின் லாக்கில் (வந்துபோவதைத் தானாகக் குறித்துவைக்கும் பதிவேடு) ஒவ்வொரு இணைப்பும் எந்தப் பதிப்பில் வந்தது என்று எழுதவைக்க முடியும். டாம்கேட், என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் சாப்ட்வேர்கள் இரண்டிலும் லாக் வடிவத்தில் ஒரு சொல் சேர்த்தால் போதும். விண்டோஸ் ஐஐஎஸ்ஸிலும் புதிய பதிப்புகளில் வசதி உண்டு. சாப்ட்வேர் போட்டுத் தந்தவரிடம் "அக்சஸ் லாக்கில் டிஎல்எஸ் பதிப்பு வர வேண்டும்" என்று இந்த வார்த்தையிலேயே கேளுங்கள். பத்து நிமிட வேலை.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, கதவு மூடியிருக்கும்போது தோற்றுப்போன இணைப்பு இந்த லாக்கில் வராது. அதனால்தான் பழையதைக் கொஞ்ச நாள் திறந்தே வைத்துக்கொண்டு கணக்கெடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு, ஐபி முகவரியை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். சாதாரண பிராட்பேண்டில் ஐபி மாறிக்கொண்டே இருக்கும். லாகின் பெயரை வைத்துப் பாருங்கள்.

எத்தனை நாள் கணக்கெடுப்பது? குறைந்தது ஒரு முழு மாதம். மல்லிகை அனுப்புகிறவர் தினமும் வருவார். கிரானைட்காரர் மாதம் ஒரு கன்டெய்னர் போட்டாலே அதிகம். இரண்டு வாரத்தோடு நிறுத்தினால் அவர் பட்டியலிலேயே இருக்க மாட்டார். கப்பல் வந்த அன்றுதான் ஞாபகம் வருவார்.

எங்கள் கணக்கு இப்படி வந்தது: 21 பேர் ஏற்கெனவே 1.2-இல் இருந்தார்கள். 16 பேர் பழையதில். அந்தச் சனிக்கிழமை ஒன்பது பேர்தான் கூப்பிட்டார்கள், மற்ற ஏழு பேருக்கு அன்று வேலை இல்லை, அவ்வளவுதான்.

3. வாங்கிவைக்க வேண்டிய விவரங்களும் காகிதங்களும்

பழையதில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் போடுங்கள். எக்செல்லும் போதும். ஆனால் நேரில் போகும்போது தாள்தான் வசதி.

தாளில் இருக்க வேண்டியவை: ஐஇசி (ஏற்றுமதி-இறக்குமதி கோடு) எண், எங்களுக்கு ஃபைல் அனுப்பும் கம்ப்யூட்டர் எது (முதலாளி மேசையா, குடோனா), அதன் விண்டோஸ் பதிப்பு, பில்லிங் சாப்ட்வேரின் பெயரும் அதைச் செய்து தந்தவரின் போன் நம்பரும், அவருடன் ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) இருக்கிறதா, எப்போது முடிகிறது, டிஎஸ்சி எப்போது காலாவதி, டோக்கன் எந்தப் பிராண்டு. கடைசி இரண்டும் எதற்கு என்று நினைக்கலாம். கம்ப்யூட்டரை மாற்ற வேண்டி வந்தால் டோக்கன் டிரைவரும் கையெழுத்து யுட்டிலிட்டியும் புதிதாகப் போட வேண்டும். டிரைவர் கிடைக்காமல் ஒரு முழு நாள் எனக்குப் போயிற்று.

சாப்ட்வேர் செய்து தந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி: "சோர்ஸ் கோடு உங்களிடம் இருக்கிறதா?" சாப்ட்வேரை எழுதிய மூல வரிகள் அவை, அவை இல்லாமல் திருத்த முடியாது. இல்லை என்றால் அந்தப் பார்ட்டியைப் பட்டியலில் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குத்தான் அதிக நாள் ஆகும்.

அப்புறம் கடிதம். நாங்கள் இரண்டு கடிதம் அனுப்பினோம். முதலாளிக்குத் தமிழில், அரைப் பக்கம்: இந்தத் தேதிக்குப் பிறகு உங்கள் இன்வாய்ஸ் எங்களுக்கு வராது, அதனால் ஷிப்பிங் பில் (கஸ்டம்ஸில் போடும் ஏற்றுமதிப் படிவம்) தாமதமாகும், கட்-ஆஃப் தவறலாம். டிஎல்எஸ் என்ற சொல்லே அதில் கிடையாது. சாப்ட்வேர்காரருக்கு இன்னொன்று, ஆங்கிலத்தில், வெறும் தொழில்நுட்ப விவரம் மட்டும். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலந்து முதலில் அனுப்பியிருந்தேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. முதலாளிக்குப் போன கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நகலை வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு டெமரேஜ் (சரக்கு தேங்கினால் கட்டும் கட்டணம்) பேச்சு வரும்போது உதவும்.

4. பார்ட்டியின் கம்ப்யூட்டரில் என்ன பார்ப்பது

நான் அதிக நாள் முட்டிக்கொண்ட இடம் இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதல் விஷயம்: குரோமில் தளம் திறக்கிறது என்பதால் எல்லாம் சரி என்று முடிவு கட்டாதீர்கள். குரோமும் ஃபயர்பாக்ஸும் தங்களுக்கு வேண்டிய டிஎல்எஸ்ஸைத் தாங்களே சுமந்து வருகின்றன. பில்லிங் சாப்ட்வேர் அப்படியில்லை, பெரும்பாலும் விண்டோஸில் இருப்பதைக் கடன் வாங்கும். அதனால் அதே கம்ப்யூட்டரில் குரோம் திறக்கும், சாப்ட்வேர் திறக்காது. "நெட்டு நல்லாத்தான் இருக்கு, உங்க சர்வர்லதான் கோளாறு" என்று சண்டைக்கு வருவார்கள். எனக்கும் ரொம்ப நாள் பதில் சொல்லத் தெரியவில்லை.

கடிகாரத்தைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோய் தேதி பல வருடம் பின்னால் நிற்கும் கம்ப்யூட்டரில் எந்தச் சான்றிதழும் (சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் அடையாளம்) செல்லாது. பேட்டரி மாற்ற ஐம்பது ரூபாய்.

விண்டோஸ் 10, 11 என்றால் 1.2 தயாராகவே இருக்கிறது. அங்கே சிக்கல் சாப்ட்வேரில்தான். டாட் நெட்டில் (மைக்ரோசாப்டின் சாப்ட்வேர் எழுதும் தளம்) எழுதியதா என்று கேளுங்கள். 4.5-க்காக எழுதிய சாப்ட்வேருக்கு 1.2 தெரியும், ஆனால் தானாக அதில் பேசாது. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'ஸ்ட்ராங் கிரிப்டோ' என்று முடியும் ஒரு மதிப்பை 1 ஆக்கினால் பேசும். பொறி என்னவென்றால், அந்த மதிப்பை இரண்டு இடத்தில் வைக்க வேண்டும்: 64 பிட்டுக்கு ஒன்று, 32 பிட்டுக்கு ஒன்று. நம் ஊர் பில்லிங் சாப்ட்வேர்கள் நான் பார்த்தவரை எல்லாமே 32 பிட். நான் 64 பிட் இடத்தில் மட்டும் வைத்துவிட்டு இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். சாப்ட்வேரை 4.7-க்கோ அதற்கு மேலோ மாற்றிக் கட்டித் தந்தால் இந்த ரெஜிஸ்ட்ரி வேலையே தேவையில்லை, விண்டோஸ் சொல்வதைக் கேட்டு நடக்கும்.

ஜாவாவில் எழுதியது என்றால் ஜாவா 7-ஆ 8-ஆ என்று பாருங்கள். 7-க்கு 1.2 தெரிந்தும் தானாகக் கேட்காது. 8 கேட்கும்.

விண்டோஸ் 7 பெரிய தலைவலி. 2020 ஜனவரியிலேயே அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது. கேபி 3140245 என்ற அப்டேட்டைப் போட்டு, ரெஜிஸ்ட்ரியும் மாற்றினால் 1.2 வரும். ஆனால் அது முழு வெற்றி இல்லை. பதிப்பு ஒத்துப்போனாலும் சைஃபர் என்று ஒன்று, அதாவது தகவலைப் பூட்டும் சூத்திரம், ஒத்துப்போக வேண்டும். இன்றைய சர்வர்கள் பல கேட்கும் சைஃபர்களில் சில, விண்டோஸ் 7, 8.1, சர்வர் 2012 ஆர்2 ஆகியவற்றில் கிடையாது. 'யூஸ் டிஎல்எஸ் 1.2' என்று டிக் போட்டிருக்கும், ஆனாலும் போகாது. எங்கள் சர்வருக்கு வந்தாலும் நாளைக்கு வேறொரு தளத்துக்குப் போகாது. விண்டோஸ் 7-ஐ ஒட்டுப்போட்டு ஓட்ட வேண்டாம் என்பது என் முடிவு. முதலில் ஒருவருக்கு ஒட்டுப் போட்டேன், இரண்டே மாதத்தில் திரும்பவும் அவர் கடைக்குப் போக வேண்டி வந்தது.

எது கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி: விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் 'ஸ்சேனல்' என்ற பெயரில் 36887 என்ற பிழை இருக்கிறதா பாருங்கள். அதற்குள் 70 என்று இருந்தால் பதிப்பு ஒத்துப்போகவில்லை. 40 என்றால் பெரும்பாலும் சைஃபர். இந்த இரண்டு எண்ணையும் சாப்ட்வேர்காரரிடம் சொன்னால் அவர் உங்களிடம் பேசும் தொனியே மாறும்.

கடைசியாக ஆன்டிவைரஸ். சில ஆன்டிவைரஸ்கள் நடுவில் உட்கார்ந்து இணைப்பைப் பிரித்துப் படித்து மறுபடி கட்டி அனுப்பும். அது பழைய பதிப்பு என்றால் நீங்கள் என்ன மாற்றினாலும் பலிக்காது. எச்டிடிபிஎஸ் ஸ்கேன் என்ற வசதியை ஐந்து நிமிடம் அணைத்துப் பார்த்து, அதுதான் காரணம் என்றால் புதுப்பிக்கச் சொல்லுங்கள். அணைத்ததை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

எனி டெஸ்க் வழியாக, நம் இடத்திலிருந்தே அவர் கம்ப்யூட்டரை இயக்கி உதவும்போது, பார்ட்டியின் டோக்கன் செருகியிருந்தால் முதலில் பிடுங்கச் சொல்லுங்கள். மானிட்டர் ஓரத்தில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருப்பார்கள், அதைக் கிழிக்கச் சொல்வதும் உங்கள் வேலைதான்.

5. செலவு

எங்கள் 16 பேரில் ஒன்பது பேருக்கு ஒரு பைசா செலவில்லை. அப்டேட், ரெஜிஸ்ட்ரி, கடிகாரம், அவ்வளவுதான். ஐந்து பேருக்கு சாப்ட்வேரைத் திருத்த வேண்டியிருந்தது. ஏஎம்சி இருந்தவர்களுக்கு இலவசம். இல்லாதவர்களிடம் மூவாயிரத்திலிருந்து எட்டாயிரம் வரை கேட்டார்கள். இரண்டு பேருக்குக் கம்ப்யூட்டர் மாற்றம்.

கம்ப்யூட்டர் வாங்கும்போது கவனம். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரைத் துடைத்து விற்கும் கடைகளில் பதினெட்டாயிரத்துக்கு நல்லதே கிடைத்தது. ஆனால் இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே வாங்காதீர்கள், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) இருக்கிறதா என்றும் கேளுங்கள். இவை இல்லாவிட்டால் விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாப்ட் ஏற்காது. விண்டோஸ் 10-இன் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. நிறுவனங்களுக்குக் காசு கொடுத்து நீட்டிப்பு வாங்கலாம், முதல் வருடம் ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர், அடுத்தடுத்த வருடம் இரட்டிப்பு. அதற்குப் புதியதே வாங்கிவிடலாம். ஆனால் டிஎல்எஸ்ஸுக்காக மட்டும் விண்டோஸ் 10 கம்ப்யூட்டரைத் தூக்கிப்போடச் சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம்.

உங்கள் சர்வரின் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும். காசு கொடுத்து வாங்கினாலும் இனி நீண்ட நாள் வராது: 2026 மார்ச் 15 முதல் கொடுக்கப்படுபவை அதிகபட்சம் 200 நாள், 2027 மார்ச்சிலிருந்து 100 நாள், 2029 மார்ச்சிலிருந்து 47 நாள்தான். ஆகவே எந்தப் பார்ட்டியின் சாப்ட்வேரிலாவது உங்கள் சான்றிதழைக் கையால் பதித்துவைத்திருந்தால் இப்போதே எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அவர் அறுந்துபோவார்.

6. நாள் குறிப்பது

எந்த நாளில் மூடக் கூடாது என்று முதலில் எழுதுங்கள். மாதக் கடைசி வாரம் வேண்டாம். மார்ச் முழுதும் வேண்டாம். பொங்கலை ஒட்டிய நாட்கள், தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் வேண்டாம். சித்திரைத் திருவிழாவில் மதுரையில் யாரும் போன் எடுக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை எப்போதுமே வேண்டாம், கோளாறு சனிக்கிழமை வந்து நிற்கும். நாங்கள் செவ்வாய்க்கிழமை வைத்தோம்.

நேரமும் முக்கியம். பூ அனுப்புகிறவர்களின் காகிதம் விடியற்காலையில் வரும், விமானத்துக்கு முன்னால் எல்லாம் முடிந்தாக வேண்டும். அவர்களுக்குப் பகல் பதினொன்றுக்கு மேல் தொந்தரவில்லை. சுங்குடி, துண்டு அனுப்புகிறவர்கள் மத்தியானத்துக்குப் பிறகுதான் ஆரம்பிப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை கிடைத்தது.

மூடுவதற்கு முன் ஒத்திகை வேண்டும். ஈபி மாதாந்திர ஷட்டவுன் மாதிரி, முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் மட்டும் பழைய கதவை அணைத்துப் பார்ப்பது. முதல் ஒத்திகையில் நான்கு பேர் கூப்பிட்டார்கள். அடுத்த வாரம் இரண்டு மணி நேரம், ஒரே ஒருவர். அவரும் முதலில் "சரிபண்ணியாச்சு" என்று சொன்னவர்தான். வாய்வார்த்தைக்கும் லாக்குக்கும் சண்டை வந்தால் லாக்கை நம்புங்கள்.

மொத்தக் காலம்: கணக்கெடுக்க ஒரு மாதம், சரிசெய்ய ஆறு வாரம், ஒத்திகைக்கு இரண்டு வாரம். சோர்ஸ் கோடு இல்லாத பார்ட்டி இருந்தால் ஆறு வாரம் போதாது. எங்களிடம் அப்படி ஒருவர் இருந்தார். அவருக்குக் கடைசியில் எக்செல் தாளைக் குரோம் வழியாக ஏற்றும் ஒரு பக்கம் செய்துகொடுத்தோம். அவருக்கு அதுதான் இப்போது பிடித்திருக்கிறது.

7. மூடும் அன்று

காலையிலேயே அன்றைய ஜாப் பட்டியலை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். யாருக்குக் கட்-ஆஃப் அன்றைக்கு, யாருக்கு மறுநாள் என்று குறித்துவையுங்கள். மூடியதும் கட்-ஆஃப் உள்ளவர்களை நீங்களே கூப்பிட்டு ஒரு இன்வாய்ஸை அனுப்பச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம்.

மாற்று வழி கையில் இருக்கட்டும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எக்செல் மாதிரி எல்லாப் பார்ட்டியிடமும் முன்பே கொடுத்துவைத்திருந்தோம், இணைப்பு அறுந்தால் மெயிலில் வரட்டும் என்று. உங்கள் பக்கத்து இணைப்பே படுத்துவிட்டால், கஸ்டம்ஸ் ஹவுஸில் இருக்கும் சர்வீஸ் சென்டரில் கட்டணம் கட்டிப் பதிவுசெய்யலாம். மதுரையிலிருந்து தூத்துக்குடி சுமார் 150 கிலோமீட்டர்; யாரை அனுப்புவது என்று முந்தின நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கதவைத் திறக்கச் சொல்லி யாராவது கெஞ்சுவார்கள். எங்களுக்கும் ஒரு அண்ணாச்சி மூன்று முறை போன் செய்தார். "ஒரே ஒரு நாளைக்கு மட்டும்மா." ஒருவருக்குத் திறந்தால் எல்லாருக்கும் திறந்த மாதிரிதான், சர்வரில் ஆள்பார்த்துத் திறக்க எங்களுக்கு வழியில்லை. அவருடைய இன்வாய்ஸை நானே அடித்துக்கொடுத்தேன், கதவைத் திறக்கவில்லை.

8. மூடிய பிறகு வந்த ஒன்று

எல்லாம் முடிந்தது என்று நினைத்த மறுநாள், குடோனிலிருந்து பேக்கிங் லிஸ்ட் ஸ்கேன் வரவில்லை. அங்கிருந்த பெரிய ஸ்கேனர் எங்கள் மெயில் சர்வருக்கு நேரடியாக மெயில் அனுப்பும் வகை, அதுவும் பழைய டிஎல்எஸ்ஸில்தான் பேசிக்கொண்டிருந்தது. வெப் லாக்கில் அது எப்படி வரும்? மெயில் லாக்கை நான் பார்க்கவே இல்லை. தயாரிப்பாளர் தளத்தில் அந்த மாடலுக்குப் புது ஃபர்ம்வேர் (மெஷினுக்குள் இருக்கும் சாப்ட்வேர்) இல்லை. இப்போது அது அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரின் ஃபோல்டருக்கு ஸ்கேன் செய்கிறது, அங்கிருந்து மெயில் போகிறது. உங்கள் கணக்கெடுப்பில் ஸ்கேனர், எஸ்எஃப்டிபி (நெட் வழியாக ஃபைல் போட்டெடுக்கும்) ஃபோல்டர், வருகைப்பதிவு மெஷின் என்று சுவரில் மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் முதல் மாதமே சேர்த்துவிடுங்கள்.